மைதானத்தில் அங்கிள் கிடையாது

இந்த ஆண்டு நம்மவர்கள் மூன்று பேருக்கு ரக்பி ஒப்பந்தம் கிடைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஒருவர் டெக்சாஸில், இருவர் இங்கே பே ஏரியாவில். மூவருமே முன்வரிசைக்காரர்களாம். வாழ்த்துகள். உங்களுக்குத் தமிழ் கேட்டால் புரியும், படிக்க வராது என்றும் சொன்னார்கள். ஆகவே இதை உங்கள் அம்மாவோ அப்பாவோதான் வாசித்துக் காட்டப் போகிறார்கள். அது தெரிந்தேதான் தமிழில் எழுதுகிறேன். இதில் பாதி அவர்களுக்கு.

எப்படித் தள்ளுவது, எங்கே கால் வைப்பது என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதற்குப் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். என்னால் இன்று காரைப் பின்னுக்கு எடுக்கும்போது கழுத்தைத் திருப்ப முடியாது. திரையில் தெரியும் படத்தை நம்பித்தான் எடுக்கிறேன். அப்படிப்பட்டவன் உடம்பைப் பற்றி அறிவுரை சொன்னால் நீங்கள் கேட்கவும் கூடாது.

வாசிக்கும் பெற்றோருக்காக நாலு வரி. ஆட்டத்தில் ஒரு சின்னத் தவறு நடந்து பந்து நின்றுபோனால், இரண்டு பக்கமும் எட்டெட்டுப் பேர் குனிந்து, தோளோடு தோள் பூட்டிக்கொண்டு, பந்துக்காகத் தள்ளுவார்கள். அதற்குப் பெயர் ஸ்க்ரம். முன்வரிசையில் மூன்று பேர். இடப்பக்கம் ஒருவன், நடுவில் ஒருவன், வலப்பக்கம் ஒருவன். நான் வலப்பக்கம். இடமும் வலமும் ஒரே வேலை அல்ல. இடப்பக்கத்தானுடைய தலைக்கு ஒரு பக்கம் காற்று இருக்கும். வலப்பக்கத்தானுடைய தலைக்கு இரண்டு பக்கமும் மனிதர்கள். ஒரு பக்கம் பழகியவன் மறந்தும் மறுபக்கம் போய் நிற்க மாட்டான். வீட்டில் இருட்டிலும் சுவிட்ச் இருக்கும் பக்கம் கை போவதுபோல, கால் தானாகத் தன் இடத்துக்குப் போகும்.

இன்னொரு விதி. முன்வரிசை பழகாத ஆளை அங்கே நிறுத்தக் கூடாது; கழுத்து முறிந்துவிடும். ஓர் அணியில் பழகிய ஆட்கள் அடிபட்டுத் தீர்ந்துவிட்டால், அதன்பிறகு அந்த ஆட்டத்தில் ஸ்க்ரமில் யாரும் தள்ளக் கூடாது. பேருக்குச் சாய்ந்து நின்று, பந்தை எடுத்துக் கொடுத்துவிட வேண்டும். ஆள் தீர்ந்த அணி ஒருவர் குறைவாக ஆட வேண்டும். இவ்வளவு தெரிந்தால் போதும்.

நான் வளர்ந்தது எடிசனில். முதல் ஒப்பந்தம் நியூ ஜெர்சி அணியோடு. அந்தச் செய்தியை ஓக் ட்ரீ ரோட்டு மளிகைக் கடையில் ஓர் ஆண்டியிடம் அம்மா சொன்னார்.

"ரக்பியா? கேள்விப்பட்டதே இல்லையே. எந்த ஊர் கம்பெனி?"

"கம்பெனி இல்ல, விளையாட்டு."

"ஓ. ஃபுல்டைமா, கான்ட்ராக்டா?"

"கான்ட்ராக்ட்."

"பரவால்ல, விடுங்க. ஆரம்பத்துல எல்லாருக்கும் அப்படித்தான். அப்புறம் பர்மனென்ட் பண்ணிருவாங்க."

யாரும் பர்மனென்ட் பண்ணவில்லை. இந்தத் தொழிலில் அது கிடையாது. அதையும் சேர்த்து வாசித்துக் காட்டுங்கள்.

நான் சொல்ல வந்தது என் கடைசி ஆண்டைப் பற்றி. அப்போது பே ஏரியா அணியில் இருந்தேன்; கேப்டனும் நான்தான். நடுவில் நின்றவன் சியோனே, டோங்கா நாட்டுக் குடும்பத்துப் பையன், சான் மடேயோவில் வளர்ந்தவன். இடப்பக்கத்துக்கு மாற்று வீரனாக ஜெரோம் இருந்தான். டெக்சாஸில் பிளானோவில் பிறந்தவன். பெற்றோர் தூத்துக்குடிக்காரர்கள். அணியில் நாங்கள் இருவர்தான் தமிழர்.

நான் தமிழில் பேசுவேன். அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்வான்.

"சாப்ட்டியாடா?"

"யா ப்ரோ. ஹேட் அ பர்ரிட்டோ."

"முட்டி வீக்கம் வத்திருச்சா?"

"ஆல்மோஸ்ட், ப்ரோ."

நாங்கள் பேசுவதைக் கேட்டால் ஒரே ரேடியோவில் இரண்டு ஸ்டேஷன் வருவதுபோல இருக்கிறது என்று சியோனே சொல்வான். இரண்டு சீசன் ஒன்றாக ஆடினோம். ஜெரோம் என்னிடம் ஒரு வார்த்தை தமிழில் பேசியதில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். சின்ன வயதில் ஊருக்குப் போனபோது சித்தி பிள்ளைகள் அவனுடைய தமிழைக் கேட்டுச் சிரித்தார்களாம், அன்றோடு விட்டுவிட்டான். கிண்டர்கார்டனுக்கு முன்னால் கற்றதோடு அவன் தமிழ் நின்றுபோயிருந்தது. "ஐ சவுண்ட் லைக் அ பேபி, ப்ரோ" என்றான். நான் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

அந்த சீசனின் கடைசி ஆட்டம் டாலஸுக்கு வடக்கே, பிளானோ பக்கம் ஒரு மைதானத்தில். ஜெயித்தால் அடுத்த சுற்று. தோற்றால் அவ்வளவுதான். எனக்கு அதோடு எல்லாமே முடியும் என்று எனக்கும் தெரியும், பயிற்சியாளருக்கும் தெரியும். ஜெரோமுக்கோ சொந்த ஊரில் தொழில்முறை வீரனாக முதல் ஆட்டம். ஒரு பக்கத்து இருக்கைகளில் பாதி நம்மவர்கள். ஜெரோம் வீட்டார் போகும் சர்ச்சிலிருந்து ஒரு கூட்டம், தமிழ்ச் சங்கத்திலிருந்து ஒரு கூட்டம். பெரிய அலுமினியத் தட்டுகளில் லெமன் ரைஸ் வந்திருந்தது. ஆட்டம் எப்போது தொடங்கும் என்பதைவிட, சாப்பாட்டை எப்போது திறக்கலாம் என்பதில்தான் விவாதம் நடந்துகொண்டிருந்தது.

ஜெரோமின் அம்மா ஸ்டெல்லா ஆண்டி வேலியோரம் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, அவன் பக்கத்துலதான நிப்பீய?"

"நடுவுல ஒருத்தர் நிப்பார் ஆண்டி."

"அவரு நல்லவரா?"

"நாங்க மூணு பேருல அவர்தான் நல்லவர்."

அன்றைய ஆட்டத்துக்கு லீக் நியமித்த டாக்டரும் தமிழர். பிளானோவில் பல ஆண்டுகளாக இருப்பவர். இரண்டு அணிக்கும் பொதுவானவர். யாரை ஆட விடலாம், யாரை நிறுத்த வேண்டும் என்பதில் அவர் சொல்வதே முடிவு. ஆட்டத்துக்கு முன் வழக்கம்போல இரு அணியின் அறைக்கும் வந்து கை குலுக்கிப் போனார். ஜெரோமைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"டேய் ஜெரோ! என்னடா, கதவு மாதிரி வளந்து நிக்கிற! உன் பாப்டிசத்துக்கு வீடியோ எடுத்தது யார் தெரியுமா? நான்தான்டா. தண்ணிய ஊத்தினதும் ஃபாதர் முகத்துலயே எட்டி உதைச்ச."

"ஹாய் அங்கிள்" என்றான் ஜெரோம், காது சிவந்து.

அறையே சிரித்தது. அதன்பிறகு அவனைப் பார்க்கிறவர்கள் எல்லாம் "ஹாய் அங்கிள்" என்றார்கள். நானும் சிரித்தேன். அதில் கவனிக்க வேண்டியது ஏதோ இருக்கிறது என்று அந்த அறையில் யாருக்கும் தோன்றவில்லை.

டாக்டரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் வேலை தெரிந்தவர். முதல் பாதியில் எங்கள் இடப்பக்கத்து வீரனுக்கு முழங்கால் பிசகியது. அவன் ஆடுவேன் என்று அடம்பிடித்தான். டாக்டர் முழங்காலை ஒருமுறை மடக்கிப் பார்த்து, அவன் கத்தி முடிக்கும் முன்பே வெளியே அனுப்பிவிட்டார். அவன் ஓக்லஹோமாக்காரன். டாக்டருக்கு அவன் யாருமில்லை.

ஜெரோம் உள்ளே வந்தான். அவனுக்குப் பிறகு இடப்பக்கத்துக்கு எங்களிடம் ஆள் இல்லை.

நன்றாக ஆடினான். வெயில் கொளுத்தியது. இரண்டாம் பாதியின் முடிவு நெருங்கும்போது இரண்டு புள்ளி முன்னிலையில் இருந்தோம். எதிரணி எங்கள் கோல் கோட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது; அதைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் அவர்களுக்குப் புள்ளி. அவர்களில் பெரிய ஆள் ஒருவன் பந்தோடு பாய்ந்தான். ஜெரோம் தாழ்ந்து போய் அவனை மறித்தான். மறித்த விதம் சரிதான்; தலை மட்டும் தவறான பக்கம் போய்விட்டது. அவனுடைய நெற்றிப்பொட்டு எதிராளியின் இடுப்பெலும்பில் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. பந்து அவர்கள் கையிலிருந்து நழுவி, எங்கள் ஆள் ஒருவன் அதை முன்னால் தட்டிவிட்டு, நடுவர் விசில் ஊதி, ஒருவழியாக ஸ்க்ரம் அவர்களுக்கு என்று ஆனது. எங்கள் கோட்டுக்குப் பக்கத்திலேயே.

ஜெரோம் கொஞ்சம் கிடந்துவிட்டு எழுந்து உட்கார்ந்தான். டாக்டர் ஓடி வந்து மண்டியிட்டார். நான் பக்கத்தில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

"ஜெரோ, என்னடா ஆச்சு? அங்கிளப் பாரு."

"ஒண்ணும் இல்ல அங்கிள்."

"தல சுத்துதா?"

"இல்ல அங்கிள்."

"வாந்தி வர்ற மாதிரி இருக்கா?"

"இல்ல அங்கிள். நல்லாத்தான் இருக்கேன்."

"அப்படிப் போடு. எந்திரி, எந்திரி." கன்னத்தில் தட்டி, அவனே எழுந்து நிற்கிறானா என்று பார்த்தார். நின்றான். நடுவரிடம் கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டு மைதானத்தின் ஓரக் கோட்டை நோக்கி நடந்தார்.

தலையில் அடிபட்டவனிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. உங்களுக்கும் சொல்லித் தருவார்கள். இது எந்த மைதானம், இது முதல் பாதியா இரண்டாம் பாதியா, கடைசியாகப் புள்ளி எடுத்தது யார். ஓக்லஹோமாக்காரனாக இருந்திருந்தால் அத்தனையும் கேட்டிருப்பார். ஜெரோமிடம் கேட்கவில்லை. அவர் வேண்டுமென்று விட்டார் என்று நான் நினைக்கவில்லை. கல்யாண வீட்டில் கால் தடுக்கி விழுந்த பிள்ளையிடம் ஒரு பெரியவர் என்ன கேட்பாரோ அதைக் கேட்டார். பிள்ளை என்ன சொல்லுமோ அதை அவன் சொன்னான்.

எனக்கும் அந்த நேரத்தில் எதுவும் உறைக்கவில்லை. ஆனால் காதில் ஏதோ ஒட்டிக்கொண்டதுபோல இருந்தது.

ஸ்க்ரமுக்குக் கூடினோம். சியோனே நடுவில் வந்து நின்று இரண்டு கையையும் விரித்தான். நான் அவனுடைய வலப்பக்கம் போனேன். அங்கே ஏற்கெனவே ஜெரோம் நின்றுகொண்டிருந்தான்.

என் இடத்தில்.

தள்ளிப் போ என்பதுபோல முதுகில் தட்டினேன். திரும்பிப் பார்த்தான். கண் தெளிவாகத்தான் இருந்தது. பயமோ வலியோ இல்லை.

"அண்ணே," என்றான். "நான் எங்க நிக்கணும்?"

நான் பதில் சொல்வதற்குள், வேலிப் பக்கம் பார்த்து, மெதுவாகக் கேட்டான்: "அம்மா வந்துட்டாவளா?"

நூற்றுப் பதினைந்து கிலோ இருப்பான். தாடியெல்லாம் இருந்தது. டேகேர் வாசலில் மாலையில் கடைசியாக மிஞ்சிய பிள்ளையின் குரல்.

நடுவர் எங்களைக் குனியச் சொன்னார். "வா கேப்டன், போகலாம்" என்றான் சியோனே. "டாக்டர் சரின்னு சொல்லியாச்சு."

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஏனென்றால் இது உங்களுக்கும் வரும். அந்தக் கணத்தில் நான் அறிந்திருந்தவை இவை. அன்று முழுக்க அவர்களுடைய ஸ்க்ரமை நாங்கள் பின்னுக்குத் தள்ளியிருந்தோம். இன்னும் ஒன்றைத் தள்ளினால் ஆட்டம் எங்களுடையது. ஜெரோமை வெளியே அனுப்பினால் யாரும் தள்ளக் கூடாது. நாங்கள் ஓர் ஆள் குறைவு. எங்கள் கோட்டுக்குப் பக்கத்தில் அவர்களுக்குப் பந்து சும்மா கிடைக்கும். டாக்டர் முடிவு சொல்லிவிட்டார். நான் டாக்டர் அல்ல. அவனே நன்றாக இருக்கிறேன் என்கிறான். தோளைப் பிடித்து இடப்பக்கம் திருப்பிவிட்டால் அவன் உடம்பு மற்றதைப் பார்த்துக்கொள்ளும். இத்தனையும் ஒரு பக்கம்.

மறுபக்கம் ஒன்றே ஒன்று. இந்தப் பையன் தமிழ் பேச மாட்டான்.

வேலிக்கு உள்ளே அதைக் கவனித்தவன் நான் ஒருவன்தான். சியோனேவின் காது ஸ்க்ரமில் இருந்தது; நடுவருக்கு அது ஏதோ மொழி. டாக்டர் அவனைத் தமிழ் பேசிய குழந்தையாகத்தான் கடைசியாக அறிந்திருந்தார்.

நான் கையைத் தூக்கினேன்.

நடுவர் வந்தார். டாக்டர் ஆட அனுமதித்துவிட்டார், என்ன பிரச்சினை என்று கேட்டார். மறுபடி பார்க்கச் சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. கேப்டன்கள் மூச்சு வாங்க நேரம் திருடுவது அவருக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் தலை விஷயம் என்பதால் டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டர் இரண்டாம் முறை ஓடி வரும்போது முகம் கடுத்திருந்தது.

"என்ன தம்பி? பாத்துட்டேன்ல?"

"டாக்டர், அவன் தமிழ் பேசுறான்."

"பேசட்டுமே. தமிழ்ப் புள்ள தமிழ் பேசாம சைனீஸா பேசுவான்?"

"ரெண்டு வருஷமா என்கிட்ட ஒரு வார்த்த பேசினதில்ல. அவங்க அம்மாகிட்டயே பேச மாட்டான்."

"நான் தமிழ்ல கேட்டேன். அதான் தமிழ்ல சொன்னான்."

"எல்லாரும் அவன்கிட்ட தமிழ்லதான் கேக்குறோம் டாக்டர். அவன் சொல்றது இங்கிலீஷ்ல. மேட்ச்சுக்கு முன்னாடி நீங்க அவ்ளோ பேசுனீங்களே, அவன் என்ன சொன்னான்?"

அவர் முகத்திலிருந்து அங்கிள் இறங்கிப் போனதை நான் பார்த்தேன். ஜெரோமுக்கு எதிரே போய் நின்று, இந்த முறை ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்: ஜெரோம், இப்போது நாம் எந்த மைதானத்தில் இருக்கிறோம்?

ஜெரோம் யோசித்தான். பணிவாகத்தான் யோசித்தான்.

"தெரியல அங்கிள். அம்மாட்ட கேக்கட்டா?"

டாக்டர் வேறு எதுவும் கேட்கவில்லை. இரண்டு கையாலும் அவன் தலையைப் பிடித்து அசையாமல் நிறுத்திக்கொண்டு, ஸ்ட்ரெச்சருக்குச் சொன்னார். ஆட்டத்திலிருந்து வெளியேற்றப்படும் எந்த வீரனும் ஒரு கெட்ட வார்த்தையாவது சொல்வான். ஜெரோம் சொல்லவில்லை. படு என்றதும் படுத்தான். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

அதன்பிறகு நடந்ததைச் சொல்ல அதிகமில்லை. தள்ளாத ஸ்க்ரம். அவர்களுக்குச் சும்மா பந்து. எங்களுக்கு ஓர் ஆள் குறைவு. கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்தார்கள். தோற்றோம். கை குலுக்கும்போது சியோனே என்னைப் பார்க்கவில்லை. பயிற்சியாளர் அயர்லாந்துக்காரர், கத்துகிற ஆள் அல்ல. "டாக்டர் விட்ட ஆளை நீ எடுத்துவிட்டாய்" என்று மட்டும் சொன்னார். தப்பான இடத்தில் வந்து நின்றான் என்றேன். களைத்தவன் எங்கே வேண்டுமானாலும் நிற்பான் என்றார். தமிழ் விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

அணி விமான நிலையத்துக்குக் கிளம்பியது. நான் ஒரு டாக்ஸி பிடித்து டோல்வே சாலை வழியாக ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

ஸ்கேனில் மூளை ஓரத்தில் மெல்லிய இரத்தக் கசிவு தெரிந்தது. அறுவைச் சிகிச்சை இப்போதைக்கு வேண்டாம், கூடுகிறதா என்று பார்க்கலாம் என்றார்கள். நான் போனபோது ஸ்டெல்லா ஆண்டி வாசலில் நின்றிருந்தார். முகத்தில் ஒரு விசித்திரமான வெளிச்சம்.

"தம்பி, தமிழ் பேசுதான். எவ்ளோ அழகா பேசுதான் தெரியுமா? இத்தன வருசமா நான் கெஞ்சாத கெஞ்சலா? 'அம்மா தண்ணி தாங்க'ங்கான்."

நர்ஸ் உள்ளே போய், உன் பெயர் என்ன, இது என்ன மாதம் என்று கேட்டாள். அவன் தமிழில் பதில் சொன்னான். நர்ஸ் ஆண்டியைப் பார்த்தாள். என்ன சொல்கிறான், சரியாகச் சொல்கிறானா என்று கேட்டாள். ஆண்டி மொழிபெயர்க்க வாயெடுத்தார். பாதியில் நின்றுவிட்டார். அந்த வெளிச்சம் அணைந்தது எனக்குத் தெரிந்தது. வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்து ஜெபமாலையை எடுத்தார்.

"இங்கிலீஷ்ல பேச வையும் மாதாவேன்னு கேக்கேன் தம்பி" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "எந்தத் தாயாவது இப்படிக் கேப்பாளா?"

டாக்டரும் வந்திருந்தார். அது அவர் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி அல்ல. வர வேண்டிய கட்டாயமும் இல்லை. காபி மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் போனதும் காகிதக் கோப்பையை எனக்கு நீட்டினார்.

"நான் என்ன கேட்டேன்னு யோசிச்சுப் பாத்துட்டே இருக்கேன் தம்பி. தல சுத்துதா, வாந்தி வருதா. எல்லாமே இல்லன்னு சொல்ற கேள்வி. அவன் பாட்டுக்கு இல்ல இல்லன்னுட்டே போனான்."

"நீங்க திரும்பி வந்து கேட்டீங்கல்ல, டாக்டர்."

"நீங்க கூப்பிட்டதால."

நம் ஊர்க்காரர் இருவர் ஒரு தவறுக்கு நடுவில் நின்றால் பேசுவதற்கு அதிகம் இருக்காது. காபி மோசமாக இருந்தது என்று இருவரும் ஒத்துக்கொண்டோம்.

உங்களுக்குச் சொல்ல வந்ததை இங்கே சொல்லிவிடுகிறேன். நம் ஊர் டாக்டர்கள் இந்த நாட்டில் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். ஏதோ ஒரு மைதானத்தில் உங்கள் அப்பாவின் நண்பர், அம்மாவோடு சர்ச்சிலோ கோயிலிலோ பாடுகிறவர், உங்கள் முதல் பிறந்தநாளில் கேக் ஊட்டியவர் பையைத் தூக்கிக்கொண்டு உங்களிடம் ஓடி வருவார். அவரை டாக்டர் என்று கூப்பிடுங்கள். வீட்டில் அங்கிள், மைதானத்தில் டாக்டர். அங்கிள் எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் நம் வீடுகளில் ஒரே பதில்தான் உண்டு. அதை நாம்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கேன். அது பொய் அல்ல, மரியாதை. தலையில் அடிபட்டவன் மரியாதையை மறப்பதில்லை. மற்ற எல்லாவற்றையும் மறந்தபிறகும் அது மிஞ்சும்.

எந்த மொழியில் உங்களுக்குக் கெட்ட வார்த்தை வருமோ அந்த மொழியில் டாக்டருக்குப் பதில் சொல்லுங்கள். வாசிக்கும் அம்மாக்கள் மன்னிக்கவும். உங்கள் பிள்ளைக்கு எந்த மொழியில் வரும் என்று எனக்குத் தெரியும்.

கேப்டனாக வரப்போகிறவருக்கு இன்னொன்று. ஸ்கேன் வந்தபிறகு எல்லோரும் நான் செய்தது சரி என்றார்கள். சியோனே விமானம் இறங்கியதும் கூப்பிட்டு அழுதான். ஸ்கேன் சுத்தமாக வந்திருந்தால்? அப்போதும் அதே முடிவுதான் சரி. அதைச் சொல்லத்தான் ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள். அணியைத் தோற்கடித்த கேப்டன் என்று அதோடு போயிருப்பேன். கையைத் தூக்குகிறவன் அதற்கும் சேர்த்துத்தான் தூக்க வேண்டும்.

நன்றியும் எதிர்பார்க்காதீர்கள். ஜெரோம் அதன்பிறகு ஆடவில்லை. ஆடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நீண்ட நாள் என் அழைப்பை எடுக்கவில்லை. எனக்குப் புரிந்தது. சொந்த ஊரில், அம்மாவின் கண் முன்னால், ஜெயிக்கிற ஆட்டத்தில் அவனை வெளியே அனுப்பியது எதிராளி அல்ல, நான். அவனுக்கு அதெல்லாம் நினைவே இல்லை என்பதால் கோபப்படுவதற்கு என் பெயர் மட்டும்தான் அவனிடம் இருந்தது. இப்போது பேசுகிறோம். பெரும்பாலும் முட்டி வலியைப் பற்றி.

மறுநாள் காலைக்கு வருகிறேன். ஆண்டி அந்த நாற்காலியை விட்டு நகரவில்லை. நான் பக்கத்து விடுதியில் குளித்துவிட்டு மறுபடி வந்தேன். இரண்டாம் ஸ்கேனில் கசிவு கூடவில்லை என்றார்கள். ஆனால் அவன் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தான். விழித்தபிறகு எப்படி என்று யாரும் உறுதி சொல்லவில்லை. ஆண்டி உள்ளே போய்க் கட்டில் பக்கத்தில் நின்றார். நான் கதவருகே நின்றேன். ஜன்னலில் வெயில் ஏறி அவன் முகத்துக்கு வந்தது. புருவத்தைச் சுருக்கினான். கண்ணைத் திறந்தான். அம்மாவை வெகுநேரம் பார்த்தான்.

ஆண்டி தமிழில் கேட்கப் பயந்து, ஒன்றும் கேட்காமல் நின்றார்.

"மாம்," என்றான். "ஸ்டாப் ஸ்டேரிங். இட்ஸ் ஸோ வியர்ட்."

ஆண்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வேகமாக வெளியே வந்தார். சுவரில் சாய்ந்து, உடம்பு குலுங்க நின்றார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்கு முதலில் தெரியவில்லை.

"எரிஞ்சு விழுதான் தம்பி" என்றார். "இங்கிலீஷ்ல எரிஞ்சு விழுதான்."

உள்ளே அவன் நர்ஸிடம் மாதம், ஊர், பெயர் எல்லாவற்றையும் சலிப்போடு சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. ஆட்டம் என்ன ஆச்சு என்று கேட்டான். நர்ஸுக்குத் தெரியவில்லை. நான் உள்ளே போகாமல் லிஃப்ட் பக்கம் நடந்தேன்.

கீழே இறங்கும்போது பயிற்சியாளர் கூப்பிட்டார். அவரும் தூங்கியிருக்கவில்லை போல. குரல் கம்மியிருந்தது. பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்டார்.

"நன்றாக இருக்கிறான். இங்கிலீஷ் பேசுகிறான்" என்றேன்.

"இங்கிலீஷ் பேசாமல்?" என்றார். "வேறு எதில் பேசுவான்?"